ஹெவி மெட்டல் ஆம்ப் வாங்கப் போறீங்களா? நூறு வாட்டு வேணாம் சாமி!

கிடார் கத்துக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆனதும் எல்லாருக்கும் ஒரு காய்ச்சல் வரும். கையில இருக்குற சின்ன பிராக்டிஸ் ஆம்ப் கொசு ரீங்காரம் மாதிரி கேக்க ஆரம்பிக்கும். பிளாக் சாபத், ஜூடாஸ் ப்ரீஸ்ட், அயர்ன் மெய்டன் சவுண்டு நம்ம ரூம்லயும் வரணும்னு ஆசை வரும். "எந்த ஆம்ப்ணே வாங்கலாம்?"னு கேப்பாங்க. நாம வாயைத் தொறக்கறதுக்குள்ள அவங்களே பதிலும் சொல்லிடுவாங்க. "நூறு வாட்டு மார்ஷல்தானே?"

2025 ஜூலை 5-ஆம் தேதி பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்துல சாபத்தோட கடைசி கச்சேரி நடந்துச்சு. அது முடிஞ்சு பதினேழாவது நாள் ஆஸி ஆஸ்பர்ன் போய்ச் சேர்ந்துட்டார். அதுக்கப்புறம் இந்தக் கேள்வியை என்கிட்ட நாலஞ்சு பேராவது கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி மாளலை. அதான் இந்தப் பதிவு.

சுருக்கமா சொல்லிடறேன், அவசரக்காரங்க இதோட கிளம்பிடலாம். உங்க ரூம்ல பாதிக்கு மேல திருப்ப முடியாத ஆம்பை வாங்காதீங்க. மார்ஷலோ லேனியோ, பேரு அப்புறம். மீதி பேர் உக்காருங்க, ஏன்னு சொல்றேன்.

நூறு வாட்டு எங்கேருந்து வந்துச்சு?

ஜிம் மார்ஷல்ங்கிறவர் ஒரு டிரம்மர். லண்டன் ஹான்வெல்ல வாத்தியக் கடை வச்சிருந்தார். 1962-ல அவரோட கடையில பிறந்ததுதான் ஜேடிஎம்45. அமெரிக்காவோட ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப் சர்க்யூட்டைப் பாத்து செஞ்சது. அது நூறு வாட்டு கிடையாது. 'தி ஹூ' குழுவோட பீட் டவுன்ஷெண்ட் "இன்னும் சத்தம், இன்னும் சத்தம்"னு நச்சரிச்சதுல 1965-ல நூறு வாட்டு ஆம்ப் வந்துச்சு.

ஏன் அவ்வளவு சத்தம் வேண்டியிருந்துச்சு? அந்தக் காலத்துல மேடை மைக் செட்டு ரொம்ப சுமார். பாட்டுக்காரர் குரலைக் கொண்டுபோய் சேக்கவே அது திணறும். கிடார் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் போகணும்னா ஆம்பே நேரா கத்தியாகணும். ஆக, நூறு வாட்டுங்கிறது ஒரு பெரிய ஹாலோட பிரச்சினைக்குக் கண்டுபிடிச்ச பதில். பத்துக்குப் பத்து படுக்கையறைக்கு இல்ல. இன்னிக்கு மேடையில கூட ஸ்பீக்கர் முன்னாடி ஒரு மைக்கை வச்சு மிக்ஸருக்கு அனுப்பிடறாங்க. இருபது வாட்டு வால்வு ஆம்பே அங்க தாராளம்.

சரி, அந்த சவுண்டு எங்கதான் இருக்கு?

நம்ம வீட்டுல பழைய வால்வு ரேடியோ இருந்துச்சே, போட்டா சூடாகி மெதுவா குரல் வருமே, அதே வால்வுதான் இதுவும். அமெரிக்காக்காரன் டியூப்னு சொல்லுவான். கிடார்லேருந்து வர்ற சின்ன சிக்னலை முதல்ல ஈசிசி83-ங்கிற குட்டி வால்வுகள் பெருசாக்கும். அது பிரீஆம்ப். அப்புறம் இஎல்34 மாதிரி பெரிய வால்வுகள் ஸ்பீக்கரைத் தள்ற அளவுக்கு சக்தி குடுக்கும். அது பவர் ஆம்ப். நடுவுல ட்ரான்ஸ்ஃபார்மர், கடைசியில ஸ்பீக்கர்.

வால்வால தாங்க முடியாத அளவுக்கு சிக்னல் குடுத்தா அலையோட தலை நசுங்கும். அந்த நசுங்கல்தான் நாம டிஸ்டார்ஷன்னு கொண்டாடுறது. 1970-கள் ஆம்புல இந்த நசுங்கல்ல பெரும்பங்கு பவர் வால்வுலயும் ஸ்பீக்கர்லயும் நடந்துச்சு. அதாவது ஆம்பை முழுசா திருப்பினாத்தான் வரும்.

நாதஸ்வரத்தை நெனச்சுப் பாருங்க. கல்யாண மண்டபத்துல போய் "அண்ணே, கொஞ்சம் மெதுவா ஊதுங்க"ன்னு கேட்டா என்ன ஆகும்? அந்த வாத்தியத்தோட குரலே அந்த மூச்சோட வேகத்துலதான் இருக்கு. வேகத்தைக் குறைச்சா சத்தம் மட்டும் குறையாது, குரலே மாறிப்போகும். நூறு வாட்டு ஆம்பை வால்யூம் ஒண்ணுல வச்சு வாசிக்கறதும் அதேதான்.

இந்த அவஸ்தை மார்ஷல்காரங்களுக்கே தெரிஞ்சுதான் 1975-ல 2203-னு ஒரு மாடல்ல மாஸ்டர் வால்யூம் வச்சாங்க. பிரீஆம்பை நல்லா நசுக்கிட்டு, கடைசியில சத்தத்தைக் குறைச்சுக்கலாம். அதுவே 1981-ல ஜேசிஎம்800-னு பேரு மாத்திக்கிச்சு. எண்பதுகளோட மெட்டல் சவுண்டுல பெரும்பகுதி இந்தப் பெட்டிதான். ஆனா அதையும் ரூம்ல ஒண்ணுக்கு மேல திருப்ப முடியாதுங்கறது வேற விஷயம்.

கொஞ்சம் கணக்கு

செலஸ்டியான் கம்பெனியோட வின்டேஜ் 30 ஸ்பீக்கரை எடுத்துக்குவோம். ஒரே ஒரு வாட்டு குடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தா 100 டெசிபல் வரும். பழைய கிரீன்பேக்ல 98. இப்ப பாருங்க:

- வாட்டு இரண்டு மடங்கானா 3 டெசிபல்தான் கூடும்.
- வாட்டு பத்து மடங்கானா 10 டெசிபல் கூடும். நம்ம காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமா கேக்கும்.

அப்ப நூறு வாட்டுங்கிறது பத்து வாட்டை விட பத்து மடங்கு சத்தமில்ல, இரண்டு மடங்குதான். வாட்டை நம்பி காசைக் கொட்டுறவங்க இதை ஒருதரம் பேப்பர்ல எழுதிப் பாக்கணும்.

இன்னொரு பக்கம் இதைவிட முக்கியம். அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குன்னு நியோஷ்னு ஒரு அரசு நிறுவனம் இருக்கு. 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம்ங்கறது அவங்க சொல்ற வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ன்னா 4 மணி நேரம், 91-ன்னா 2, இப்படியே போனா 100 டெசிபலுக்கு 15 நிமிஷம். கவனிச்சீங்களா? ஒரே ஒரு வாட்டு, பக்கத்துல உக்காந்தா, கால் மணி நேரம். இரண்டு மூணு மீட்டர் தள்ளி உக்காந்தா கொஞ்சம் குறையும்தான், ஆனா சின்ன ரூம்ல நாலு சுவரும் திருப்பி அடிக்கும்.

காதுக்குள்ள ஒலியை உணர்ற மயிர் செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. காதுல 'கீஈஈ'ன்னு நிரந்தரமா ஒரு ரீங்காரம் வந்துட்டா அப்புறம் மார்ஷல் வச்சிருந்து என்ன, இல்லாட்டி என்ன? கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்ங்கறதை எல்லாரும் யோசிக்கறாங்க. தன் காதைப் பத்தி எவனும் யோசிக்கறதில்ல. ஆம்ப் விஷயத்துல நான் இவ்வளவு அடம் பிடிக்கறதுக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

கெயின் குமிழைக் கொஞ்சம் விடுங்கப்பா

அடுத்த வியாதி கெயின். மெட்டல்னதும் கெயினைப் பத்துல வச்சு, பேஸ் பத்து, ட்ரெபிள் பத்து, மிட் மட்டும் சைபர். தனியா வாசிக்கும்போது பிரமாதமாத்தான் இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்ததும் ஆள் காணாமப் போயிடுவார். கீழ்ப்பக்கம் பேஸ் கிடாரோட இடம், மேல்பக்கம் சிம்பலோட இடம். கிடாருக்குன்னு இருக்குறதே நடுப்பக்கம்தான். அதைப் புடுங்கிப் போட்டுட்டு "என் கிடார் கேக்கலையே"ன்னா எப்படி?

1970-ல வந்த சாபத்தோட முதல் ஆல்பத்தை இன்னிக்குக் கேட்டுப் பாருங்க. நாம நெனச்சுக்கிட்டிருக்கற அளவுக்கு அதுல கெயின் கிடையாது. டோனி ஐயோமி பர்மிங்காம்காரர். தகடு வெட்டுற ஃபேக்டரியில 17 வயசுல வலது கையில இரண்டு விரலோட நுனி போச்சு. அவர் இடது கைக்காரர், அதனால தந்தியை அழுத்துற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செஞ்சு மாட்டிக்கிட்டார், மெல்லிசான தந்தி போட்டுக்கிட்டார், 1971-ல சுருதியையே இறக்கிக்கிட்டார். அதே ஊர்ல 1967-ல ஆரம்பிச்ச லேனி ஆம்ப், அதுக்கு முன்னாடி ரேஞ்ச்மாஸ்டர்னு ஒரே ஒரு ட்ரான்சிஸ்டர் இருக்குற சின்ன பெட்டி. அந்தப் பெட்டி தானா பெருசா ஒண்ணும் நசுக்காது. மேல்ஸ்தாயியைத் தூக்கிக் குடுத்து ஆம்பை முட்டித் தள்ளும், அவ்வளவுதான். பாட்டோட கனம் அந்தக் கையிலயும், கூடவே அதே ரிஃபை வாசிச்சுக்கிட்டு வர்ற கீசர் பட்லரோட பேஸ்லயும் இருந்துச்சு.

ப்ரீஸ்ட்டும் மெய்டனும் இரண்டு கிடார் வச்சு ஜோடியா மெலடி வாசிச்சவங்க. கெயின் ஏற ஏற ஸ்வரங்கள் ஒண்ணோட ஒண்ணு மோதிச் சேறாகும். அவ்வளவு தெளிவா இரண்டு குரல் கேக்குதுன்னா, கெயினை அளவா வச்சதும் ஒரு காரணம். ரேண்டி ரோட்ஸ் 1980-ல மார்ஷல் நூறு வாட்டுக்கு முன்னாடி எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் பெடல் வச்சதும் இதே வழிதான்: பெடலால ஆம்பை முட்டறது. நடுப்பக்கத்தைக் குழியாக்குற பழக்கம் எல்லாம் த்ராஷ் மெட்டலோட வந்தது. 1986-ல 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'ல மெட்டாலிகா மீசா பூகி ஆம்புக்கு வந்தாச்சு. அது வேற குடும்பம், வேற சமையல்.

அப்ப என்னதான் வாங்கறது?

1. ஒண்ணுலேருந்து இருபது வாட்டுக்குள்ள, பிரிட்டிஷ் குரல் இருக்குற வால்வு ஆம்ப். சக்தியைக் குறைக்கற சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. 2019-ல மார்ஷல் அதே 2203 சர்க்யூட்டை எஸ்சி20-னு 20 வாட்டுல கொண்டுவந்தாங்க, 5 வாட்டுக்கும் இறக்கிக்கலாம். டிஎஸ்எல்1 ஒரே வாட்டுதான், அதையும் பத்துல ஒண்ணா குறைக்கலாம்.

2. ஸ்பீக்கர்ல கஞ்சத்தனம் வேணாம். 12 அங்குலம் இருக்கட்டும். ஆம்பை மாத்தறதை விட ஸ்பீக்கரை மாத்தினா வித்தியாசம் சட்டுனு தெரியும்.

3. ஒரு ஓவர்டிரைவ் பெடல். டியூப் ஸ்க்ரீமர் ஜாதியோ, பாஸ் எஸ்டி-1-ஓ. டிரைவ் குமிழ் கீழ, லெவல் குமிழ் மேல. அதோட வேலை ரேஞ்ச்மாஸ்டரோட வேலைதான், முட்டறது.

4. ராத்திரி குழந்தை தூங்கும்போது வாசிக்கறவங்களுக்கு வால்வே வேணாம். பாஸ் கட்டானா மாதிரி மாடலிங் ஆம்ப்ல அரை வாட்டு வசதி இருக்கு. கம்ப்யூட்டர்ல நியூரல் ஆம்ப் மாடலர்னு இலவச மென்பொருளே இருக்கு, ஹெட்ஃபோன்ல அருமையா இருக்கும். இருநூறு ப்ரீசெட்டுல மேஞ்சுக்கிட்டே இருக்காம ஒண்ணைப் புடிச்சு மூணு மாசம் வாசிங்க.

5. அமெரிக்காவுலேருந்து வர்ற மச்சான்கிட்ட சொல்லி வாங்கறவங்க கவனத்துக்கு. அங்க 120 வோல்ட், இந்தியாவுலயும் இலங்கையிலயும் 230. அப்படியே சொருகினா புகைதான். தகுந்த திறன்ல ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும்.

6. வால்வு ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும். மூடியைத் திறந்து நோண்டவும் கூடாது. பிளக்கைப் புடுங்கின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல நானூறு வோல்ட்டுக்கு மேல கூட நிக்கும்.

"பெரிய ஆம்பை வாங்கி அட்டென்யுவேட்டர் போட்டுக்கறேனே?"ன்னு கேக்கலாம். போடலாம். பவர் வால்வு நசுங்கும், மிச்ச சக்தி சூடாப் போயிடும். ஆனா ஸ்பீக்கர் தூங்கிக்கிட்டே இருக்கும், வால்வும் சீக்கிரம் தேயும். நூறு வாட்டை வாங்கி தொண்ணூத்தொன்பதை அடுப்புல போடறதுக்கு, முதல்லயே சின்னதா வாங்கிட்டுப் போங்களேன்.

கடைக்காரர் பெரிய பெட்டியைத்தான் காட்டுவார், அது அவர் தொழில். உங்க கிடாரை நீங்களே கொண்டு போங்க. மிட்டை ஏழுல வைங்க, கெயினை அஞ்சுல வைங்க, வீட்டுல என்ன சத்தத்துல வாசிப்பீங்களோ அதே சத்தத்துல பத்து நிமிஷம் வாசிங்க. அந்த சத்தத்துல எது பேசுதோ அதை எடுத்துக்கிட்டு வாங்க. மிச்சக் காசுல ஒரு ஜோடி நல்ல காது அடைப்பானும் வாங்கிக்குங்க. அறுபது வயசுலயும் சாபத் கேக்கணும்ல?

டிஸ்கி: "மேடையில நூறு வாட்டு அடுக்கு பின்னாடி நின்னாத்தான் கெத்து"ன்னு சொல்ற சங்கத்து ஆளுங்களுக்கு: போட்டோவுக்கு காலிப் பெட்டி போதும். மேடையில அதை நிறைய பேர் செஞ்சிருக்காங்க :-)