வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?

தண்டையார்பேட்டையில் சைக்கிள் விடுகிறவருக்கு தினசரி அர்ச்சனை நிச்சயம். 'சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?' ஆட்டோக்காரர் கேட்டால் பதிலுக்கு நாமும் ரெண்டு விடலாம். ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லரிடம் என்னத்தைக் கேட்பது? டிரைவர் முகமே தெரியாதே சார்!

விஷயமே அதுதான். கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா? உங்கள் முகமும் அவருக்குத் தெரியாது. கேபின் அவ்வளவு உயரம். இடது கதவுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு போகிற சைக்கிள் அவரைப் பொறுத்தவரை இல்லவே இல்லை.

இதைவிட வில்லங்கம், திருப்பம். நாற்பதடிப் பெட்டி இடதுபக்கம் திரும்ப, முதலில் வலதுபக்கம் ஒதுங்கும். 'அட, வழி விடுறாரே, தங்கமான மனுஷன்!' என்று நம்மாள் சந்தில் நுழைவார். பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராது. உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். சந்து மூடிவிடும்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தாச்சு. ஆபீஸ்காரர்கள் ஏ.சி.யில் போகிறார்கள். டிபன் டப்பாவை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்கு ஓடுகிற வெல்டருக்கு இன்னும் சைக்கிள்தான்.

அண்ணே, பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் மாட்டுங்கள். டிரெய்லர் நின்றால் அதன் பக்கத்தில் போகாமல் பின்னாலேயே, நன்றாகத் தள்ளி நில்லுங்கள். ஒரு சிக்னல் போகும், போகட்டும். 'இன்னாய்யா மறிச்சிக்கினு நிக்கிற?' என்று பின்னாலிருந்து பைக்காரர் ஹாரனை அமுக்குவார். அமுக்கட்டும். பாட்டரி அவருடையது!