படம் எடுத்து அனுப்பவும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்தில், வெளிவந்தன. குழந்தைகள் தொடர்பான பகுதி பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகிறது. அதற்குள் நம் வாட்ஸாப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது: "குழந்தை மருத்துவர்களுக்கு விலக்கு உண்டு, கவலை வேண்டாம்." எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். விலக்கு உண்டு என்பது சரி. கவலை வேண்டாம் என்பதை இந்த இதழ் ஏற்கவில்லை.

இந்த விதிகளின் நான்காம் அட்டவணையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மூலச் சட்டத்தின் பிரிவு 9(1) கேட்கிற பெற்றோர் ஒப்புதலிலிருந்தும், 9(3) தடுக்கிற கண்காணிப்பு, இலக்கு விளம்பரம் ஆகியவற்றிலிருந்தும் மருத்துவமனைக்கும் மனநல நிலையத்துக்கும் மருத்துவருக்கும் விலக்குத் தந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழந்தைக்கு நாம் தரும் சிகிச்சைக்கு மட்டும், அதன் உடல்நலத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு மட்டும். வளர்ச்சி வரைபடம், தடுப்பூசி நினைவூட்டல், மேல் சிகிச்சைக்கு அனுப்பும் குறிப்பு எல்லாம் இதற்குள் வரும். வேறொன்றும் வராது. தரவைப் பாதுகாப்பாக வைக்கும் கடமையும், கசிந்தால் தெரிவிக்கும் கடமையும் விலக்கில் இல்லை. அவை நம் தலையில்தான் இருக்கின்றன. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி வரை, குழந்தைகள் சார்ந்த கடமையில் தவறினால் 200 கோடி வரை என்று அபராத உச்சவரம்பு நிற்கிறது. ஒற்றை அறை கிளினிக்கிடம் இவ்வளவு கேட்கமாட்டார்கள், உண்மைதான். ஆனால் 'நம்மிடம் எல்லாம் பேப்பர்தான்' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பேப்பரில் எழுதியது பிறகு டிஜிட்டல் ஆனாலும் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. கேஸ் ஷீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்த நொடியில் அது நடந்துவிடுகிறது.

இரவு இரண்டு மணிக்கு ஒரு குழந்தையின் உடம்பில் ஊதா நிறப் புள்ளிகள் பரவுகின்றன. எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோல் நிபுணருக்குப் படம் அனுப்புகிறோம், பதினைந்து நிமிடத்தில் பதில் வருகிறது. இதை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. 2020 மார்ச் மாதத்துத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்களே வாட்ஸாப்பைப் பெயர் சொல்லி அனுமதித்தவை. அனுப்பும் விதத்தில்தான் நாம் சோம்பலாகிவிட்டோம். ஒருவருக்கு அனுப்ப வேண்டியதை இருநூறு பேர் குழுவில் போடுகிறோம். புண்ணை மட்டும் எடுக்காமல் முகத்தோடு எடுக்கிறோம். சி.டி. பிலிமின் மூலையில் பெயரும் வயதும் உள்நோயாளி (ஐ.பி.) எண்ணும் அப்படியே நிற்கின்றன. தனிச் செய்தியாக அனுப்புங்கள், தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள், மறையும் செய்தி வசதியைப் போட்டு வையுங்கள். வாட்ஸாப் படங்கள் கேலரியில் தானாகச் சேர்வதை அணைத்துவிடுங்கள். கூகுள் போட்டோஸ் காப்புப்பிரதி ஓடுகிறதா என்றும் பாருங்கள். உங்கள் மகளின் பிறந்தநாள் படத்துக்கும் நோயாளியின் வயிற்றுப் படத்துக்கும் நடுவே அந்தச் செயலி எந்தக் கோடும் போடுவதில்லை. வீட்டு டி.வி.யில் குடும்பமே உட்கார்ந்து படம் பார்க்கும்போது வார்டு படம் வந்து நின்றதை என்னிடம் சொன்ன மருத்துவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

ரீல்ஸ் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 'வலியில்லா ஊசி' என்று சிரிக்கும் குழந்தையைக் காட்டுவது விளம்பரம், சிகிச்சை அல்ல. விலக்கு அங்கே நிற்காது. அம்மா சரி என்றார் என்பீர்கள். கையில் அழும் பிள்ளையும் எதிரில் டாக்டரும் இருக்கும்போது எந்த அம்மா வேண்டாம் என்பார்? சுதந்திரமாகத் தந்த ஒப்புதல்தான் ஒப்புதல் என்கிறது பிரிவு 6.

பெற்றோர் தாங்களே போடும் படங்களை இந்தச் சட்டம் தொடவில்லை. தனிப்பட்ட, வீட்டு உபயோகம் பிரிவு 3-இன்படி வெளியே நிற்கிறது. ஆகவே அந்த இடத்தில் பேச வேண்டியவர்கள் நாம்தான். பிரசவ வார்டிலிருந்து போகும் முதல் ஸ்டேட்டஸில் குழந்தையின் கைப்பட்டை தெரிகிறது, அதில் தாயின் பெயரும் எண்ணும் தெரிகின்றன. டிஸ்சார்ஜ் அன்று தாய்ப்பால், தொப்புள், தடுப்பூசித் தேதி என்று சொல்லும்போதே, "படம் எடுக்கும்போது கையில் இருக்கிற பட்டை தெரியாம எடுங்கம்மா, குளிப்பாட்டுற படம் யாருக்கும் அனுப்பாதீங்க" என்று சேர்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தாய்மார்கள் தலையாட்டுகிறார்கள், பாட்டிமார்கள் இன்னும் வேகமாக ஆட்டுகிறார்கள், கண்ணு படும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு அந்தக் காரணமும் போதும்.

வளரிளம் பருவத்தினர் விஷயத்தில் பெற்றோர் நம்மிடம் கேட்பது வேறு. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கே வைக்கக் கூடாது என்று 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறை வந்தது, இங்கே எப்போது என்கிறார்கள். இங்கே 18 வயதுக்குள் இருப்பவருக்குப் பெற்றோர் ஒப்புதல் என்பதுதான் ஏற்பாடு. ஒப்புதல் ஓ.டி.பி.யாக அம்மாவின் கைப்பேசிக்கு வரலாம், அந்தக் கைப்பேசி பையன் கையில் இருக்கும், அதன் பூட்டு எண்ணை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். இதைச் சட்டம் தீர்த்துவிடும் என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். எந்தச் செயலியில் யாரோடு பேசுகிறான் என்று பிள்ளையிடம் கேட்கும் பழக்கம் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

என்னை இந்தக் கட்டுரையை எழுத உட்கார வைத்தது இவை எதுவும் அல்ல. 'படம் எடுத்து அனுப்பவும்' என்கிற மூன்று சொற்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத்தில் ஊட்டக்குறை பயிற்சிக்குப் போயிருந்தேன். இடைவேளையில் ஒரு கிராம சுகாதார செவிலியர் தன் கைப்பேசியைக் காட்டினார். பதினான்கு அலுவல் குழுக்கள். கேலரியைத் திறந்தார். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, சட்டையில்லாமல், விலா எலும்புகள் எண்ணும்படி. கையில் மேற்கைச் சுற்றளவு அளக்கும் மியூவாக் நாடா, சிவப்பில் நிற்கிறது. பிடித்திருக்கும் தாயின் முகம் பாதி தெரிகிறது. அடியில் ஜி.பி.எஸ். மேப் கேமரா போட்ட கறுப்புப் பட்டை: ஊர்ப் பெயர், தெரு, அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம். அந்தப் படத்தை விரலால் தள்ளினால் அடுத்தது அவர் மகனின் எட்டாம் வகுப்புக் கணக்கு வீட்டுப்பாடம். சாயங்காலம் அந்தக் கைப்பேசி அவனிடம் போய்விடும். அவர் சம்பளத்தில் அந்த வீட்டுக்கு வாங்கிய ஒரே கைப்பேசி அது.

"எதுக்கு சிஸ்டர் முகத்தோட எடுக்கிறீங்க?" என்றேன்.

"படம் போடலைன்னா வேலையே செய்யலைன்னு அர்த்தம், மேடம். முகம் தெரியலைன்னா பழைய படத்தைப் போட்டிருக்கேன்னு சொல்லுவாங்க."

அந்தக் குழந்தை என்ன ஆனது என்று கேட்டேன். குழுவில் இருந்த யாரோ ஒருவருக்கு அந்த ஊரில் உறவு. படம் இரண்டு கை மாறி மாமியார் வீட்டுக்கே போய்விட்டது. பிள்ளைக்குச் சோறு போடாதவள் என்று ஊர் பார்க்கப் படம் போட்டுவிட்டார்கள் என்று அந்தப் பெண் அழுதாளாம். அதன் பிறகு எடை பார்க்க வரவில்லை, செவிலியர் வீட்டுக்குப் போனால் கதவு திறக்கவில்லை. தீவிர ஊட்டக்குறை என்று கண்டுபிடித்த குழந்தையை, கண்டுபிடித்ததற்குச் சாட்சி சேர்க்கப் போய் நாம் தொலைத்தோம்.

மியூவாக் 11.5 செ.மீ.க்குக் கீழே என்று தெரிந்த பின் அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது பசி சோதனை, வீக்கம் பார்த்தல், அவசியமானால் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் ஒரு படுக்கை. படத்தால் இவற்றில் ஒன்றும் வரவில்லை. அது குழந்தைக்காக எடுத்த படமல்ல, மேலே இருப்பவர் செவிலியரை நம்பாததற்காக எடுத்த படம். நான்காம் அட்டவணை சொல்லும் 'உடல்நலத்தைக் காக்கத் தேவையான அளவு' என்பதற்குள் இதை எப்படி நுழைப்பார்கள்?

அரசுத் துறைக்கு வேறு கதவு இருக்கிறது. நலத்திட்டமும் சேவையும் வழங்க ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள பிரிவு 7 இடம் தருகிறது. ஆனால் அந்தக் கதவுக்கும் நிபந்தனை உண்டு. இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள்: நோக்கத்துக்குத் தேவையான தரவு மட்டும், தேவைப்படும் காலம் வரை மட்டும், தக்க பாதுகாப்போடு. ஓட்டுநர் முதல் புள்ளியியல் உதவியாளர் வரை இருக்கும் குழுவில், ஒரு தனியார் நிறுவனத்தின் செயலியில், செவிலியரின் சொந்தப் பணத்தில் வாங்கிய கைப்பேசியில் நிர்வாணக் குழந்தையின் படம் ஆண்டுக்கணக்கில் கிடப்பது இதில் எந்த நிபந்தனைக்கு அடங்குகிறது? விதியை எழுதிய அரசாங்கம் இதை முதலில் தன் சொந்தக் குழுக்களுக்குப் பொருத்த வேண்டும். எழுத்தில் ஒரு உத்தரவு போதும்.

இதை இந்த இதழில் மூன்று முறை எழுதிவிட்டேன். பயிற்சிக் கூட்டங்களில் எழுந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வந்த பதில் ஒன்றுதான்: "மேலே கேட்கிறாங்க." மேலே போய்க் கேட்டால் அதற்கும் மேலே. சிசு இறப்புத் தணிக்கைக்கு முன்பே இறந்த குழந்தையின் கேஸ் ஷீட் படங்கள் குழுவில் வந்துவிடுகின்றன. பள்ளிக்குப் போகும் ஆர்.பி.எஸ்.கே. குழு, பரிசோதனைக்கு நிற்கும் பிள்ளைகளை வரிசையாகப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் அடுத்த பள்ளிக்குக் கிளம்புகிறது. இப்படிக் கேட்பவர் எவரும் தன் பேத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் படத்தை ஒரு குழுவில் போட ஒப்புவாரா?

நமக்கு மேலே இருக்கும் தொழில் ஒழுங்கு அமைப்பிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்ட ஒழுங்குமுறையில் சமூக ஊடக வழிகாட்டுதல் தெளிவாகவே இருந்தது: நோயாளியின் படத்தையும் ஸ்கேனையும் போடாதீர்கள், போட்டபின் அது உங்கள் கையில் இல்லை. மூன்று வாரத்துக்குள், ஆகஸ்ட் 23 அன்று, மொத்த ஒழுங்குமுறையையும் நிறுத்தி வைத்தார்கள். சண்டை நடந்தது பெரும்பாலும் ஜெனரிக் பெயர் பற்றியும் மருந்துக் கம்பெனிகளின் ஆதரவு பற்றியும். அந்தச் சண்டையில் குழந்தையின் படமும் சேர்ந்து போனது. ஆக இன்று நம்மைக் கட்டுவது பழைய 2002 ஒழுங்குமுறையின் விதி 7.17: அடையாளம் தெரியும்படி அனுமதியில்லாமல் படம் வெளியிடக் கூடாது, அடையாளம் தெரியாவிட்டால் அனுமதி தேவையில்லை. கண்ணுக்குக் கறுப்புப் பட்டை ஒட்டினால் ஆள் தெரியாது என்று நாம் நம்பிய காலத்து வாக்கியம் அது. இன்று கறுப்புப் பட்டை படத்தின் அடியில் வருகிறது, வீட்டு வாசலுக்கே வழி சொல்கிறது.

படத்துக்குப் பதில் என்ன என்று கேட்கும் மேற்பார்வையாளருக்கு நம் யோசனை: பிக்மி எண் (தாய்-சேய் பதிவு எண்), மியூவாக் அளவு, எடை, அனுப்பிய மையத்தின் பதிவு எண். நான்கும் ஒரே வரியில் அடங்கும், பெயரோ முகமோ இல்லாமல். நம்பிக்கை வராவிட்டால் பத்தில் ஒரு வீட்டுக்கு நேரில் போய்ப் பாருங்கள். முன்பு அப்படித்தான் பார்த்தார்கள். அரசுப் பணியில் இருக்கும் நம் வாசகர்கள், உங்களுக்குக் கீழே இருக்கும் குழுக்களில் இந்த வாரமே முகப்படம் வேண்டாம் என்று போடுங்கள். படம் அனுப்பாத செவிலியருக்கு மெமோ வந்தால், அந்த மெமோவுக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு பதில் எழுதிக் கொடுங்கள். விதி எண்ணோடு எழுதுங்கள்.

இதழின் பங்குக்கு: அடுத்த இதழ் முதல் கண்பட்டை ஒட்டிய முகப்படங்களை ஏற்கமாட்டோம். அது அடையாளத்தை மறைக்காது என்று உலக மருத்துவ இதழ் ஆசிரியர்கள் குழு சொல்லி நெடுநாளாகிவிட்டது. முகம் தவிர்க்க முடியாத நோய்க்குறிப்பு என்றால், அச்சில் வரப்போகும் படத்தையே பெற்றோரிடம் காட்டி, அவர்கள் மொழியில் எழுதிய படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். விவரம் புரியும் வயதுப் பிள்ளை என்றால் பிள்ளையிடமும் கேளுங்கள். படிவம் பின்னட்டையின் உள்பக்கத்தில் இருக்கிறது. பழைய இதழ்களின் இணையப் பதிப்பிலிருந்து கண்பட்டைப் படங்களை எடுத்துவிட்டோம். அவற்றில் இரண்டு, என் வார்டில் நான் எடுத்தவை.