அடைசல் என்று யார் சொன்னது?

வீட்டைக் காலி செய்யக் கற்றுத்தருவது இன்று ஒரு தொழில். ஜப்பானின் மாரி கோண்டோ, கையிலெடுக்கும் பொருள் மகிழ்ச்சி தருகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார். 2019இல் நெட்ஃபிளிக்ஸ் அதை உலகெங்கும் கொண்டுபோனது. ஸ்வீடன் ஓவியர் மார்கரெட்டா மாக்னுசன், சாவதற்கு முன்பே பொருள்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று 2017இல் புத்தகமே எழுதினார். சொன்னதில் தப்பில்லை. ஆனால் இருவரும் ஒன்றைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்: அந்தப் பொருள் யாருடையது? கொடுப்பது என்று முடிவெடுப்பவர் யார்?

நம் வீடுகளில் போகி வந்தால் எல்லோருக்கும் நன்னூல் ஞாபகம் வந்துவிடும். அந்த நூற்பாவைப் பல வருடங்களாக வகுப்பில் நடத்துகிறேன். மொழியில் பழைய வழக்குகள் மறைந்து புதியவை சேர்வது குற்றமில்லை என்கிறார் பவணந்தி முனிவர். அவர் பேசியது இலக்கணம். பாட்டியின் பரணைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டை ஒழிக்கும்போது எவையெல்லாம் வெளியே போகின்றன என்று கவனியுங்கள். அம்மி, உரல், பித்தளைக் குடம், தையல் மெஷின், கல்யாணத்துக்கு முன் கவிதை எழுதிய நோட்டு. ஒழிக்கிற வேலையும் பெண்ணுடையது, ஒழிகிற பொருளும் பெண்ணுடையது. பீரோவுக்குள் இருக்கும் பட்டாவையும் பத்திரத்தையும் யாரும் அடைசல் என்று சொல்வதில்லை. அவற்றில் பெரும்பாலும் அப்பா பெயர், அண்ணன் பெயர், கணவர் பெயர். நம் பாட்டிகளில் பலருக்குச் சொந்தப் பெயர் பொறித்த ஒரே சொத்து, பாத்திரத்தின் விளிம்புதான். அதைத்தான் பழைய பித்தளை என்று எடைக்குப் போடுகிறோம். சீதனம் மனைவிக்கு மட்டுமே உரியது, கணவன் வீட்டுக்குள் வந்துவிட்டதாலேயே அது கூட்டுச் சொத்தாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. தராசில் வைக்கும்போது அது யாருக்கு நினைவிருக்கிறது?

வாய்மொழிப் பாடல் சேகரிக்க மாணவிகளோடு வத்தல்மலைக்குப் போயிருந்தேன். தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறவேண்டும். சாமையும் காப்பியும் மிளகும் விளையும் மலை. அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயர் அப்படியிருந்தாலும் தமிழ் பேசுகிறவர்கள். ஒரு வீட்டில் மகன் புதுவீடு கட்டப்போகிறான் என்று அம்மா சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். தன் திருகைக்கல்லைத் தங்கை மகளுக்கு என்று ஒதுக்கிவைத்திருந்தார். கல் தன்னுடையது, அதனால் தான் கொடுப்பதாகச் சொன்னார். காடு யாருடையது என்று கேட்டேன். சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. பிரிவு 2(2) அப்படித்தான் சொல்கிறது. 1989இல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்து பரம்பரைச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு தந்தது. 2005இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. இரண்டும் மலையேறவில்லை. மலையில் நிலம் வழக்கத்தின்படி போகிறது; வழக்கத்தைப் பேசி முடிவுசெய்யும் இடத்தில் பெண் உட்காருவதில்லை. இந்த விலக்கை மறுபரிசீலனை செய்யுமாறு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. சத்தீஸ்கரின் ஒரு கோண்டுப் பெண்ணின் வாரிசுகள் தொடுத்த வழக்கில், பழங்குடிப் பெண்ணுக்குப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வழக்குப் போட்டவருக்குக் கிடைக்கிறது. வழக்குப் போட எல்லோராலும் முடியுமா?

சமவெளியில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. நமக்குச் சட்டம் இருக்கிறது; கூடவே விடுதலைப் பத்திரமும் இருக்கிறது. அப்பா காரியம் முடிந்த கையோடு அண்ணன் பத்திர எழுத்தரைக் கூட்டிவருவார். தங்கை கையெழுத்துப் போடுவாள். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிக்கொள்ளும், சீர் நின்றுபோகும். பெண்கள் தங்கள் வாழ்நாளில் கொடுக்கும் ஆகப்பெரிய பொருள் இதுதான். பெருந்தன்மை என்று ஊர் மெச்சும். வெளியேறுகிறவளுக்கு விடுதலை என்று அந்தப் பத்திரத்துக்குப் பெயர் வைத்தவரின் நகைச்சுவையை மெச்சத்தான் வேண்டும்.

கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடைக்குப் பேர்போன மண் இது. தருமபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி அவ்வைக்குக் கொடுத்த நெல்லிக்கனியை இன்றும் பேசுகிறோம். ஏன்? அது அவன் கையில் இருந்தது. தானே தின்று நெடுநாள் வாழ்ந்திருக்கலாம். கொடுத்தான். வைத்துக்கொள்ள முடிகிறவர் கொடுப்பதுதான் கொடை. வைத்துக்கொள்ள விடாமல் செய்துவிட்டு வாங்கிக்கொள்வதற்கு வேறு பெயர் இருக்கிறது. அவ்வையையும் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். எனக்கெதற்கு, நீயே வைத்துக்கொள் என்று அவர் கனியைத் திருப்பித் தரவில்லை. வாங்கிக்கொண்டார். நம் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்க மட்டுமே கற்றுத்தருகிறோம், வாங்கிக்கொள்ளவும் கற்றுத்தரவேண்டும்.

ஆகவே தோழிகளே, திருகைக்கல்லை விரும்புகிறவளுக்கே கொடுங்கள். யாருக்கு என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். கவிதை நோட்டை யாருக்காகவும் எரிக்காதீர்கள். விடுதலைப் பத்திரம் நீட்டப்பட்டால், படித்துப் பார்க்க அவகாசம் கேளுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த போகிக்குப் பரணில் ஏறச் சொன்னால், முதலில் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். எந்தக் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பித்தளைக் குடத்தைப் பற்றிப் பேசலாம்.