எந்த மூட்டு, என்ன அளவு, எந்தக் கோணம்

ஹிப் ரீசர்ஃபேசிங் பற்றிப் பேச்சு வந்தாலே நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். அது முடிந்துபோன கதை என்பது ஒரு கட்சி. இளவயது ஆணுக்கு அதைவிட நல்ல அறுவை இல்லை என்பது மற்றது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் களியக்காவிளையிலும் ஓ.பி. பார்க்கும் எலும்பு மருத்துவருக்கு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் வேலை இல்லை. எதிரே வந்து உட்காரும் நோயாளியின் இடுப்பில் இருப்பது எந்த மூட்டு என்று சொல்ல முடிகிறதா என்பதே அவருக்கான கேள்வி. பல நேரங்களில் நம்மால் முடிவதில்லை. அதனால் வரும் கேடு பெரிது.

தொடை எலும்புத் தலையை வெட்டி நீக்காமல் அதன் மேற்பரப்பை மட்டும் செதுக்கி மூடி பொருத்துவதே ரீசர்ஃபேசிங். அது பழைய ஆசை. ஜான் சார்ன்லி 1950களின் தொடக்கத்தில் டெஃப்லான் கொண்டு முயன்று கைவிட்டார். 1970களில் வாக்னர் முதலியோர் உலோக மூடியையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் இணைத்தார்கள். பிளாஸ்டிக் தேய்ந்து, அந்தத் துகளால் எலும்பு கரைந்து அதுவும் தோற்றது. பர்மிங்ஹாமில் டெரெக் மெக்மின் 1991இல் உலோகத்தோடு உலோகம் உரசும் வடிவத்துக்குத் திரும்பினார். அவரும் ரோனன் டிரீசியும் உருவாக்கிய பர்மிங்ஹாம் ஹிப், அதாவது பி.எச்.ஆர்., 1997இல் வந்தது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அதற்கு 2006இல்தான் அனுமதி தந்தது. அதற்கு முன்பே அமெரிக்கர்கள் இந்த அறுவைக்காகச் சென்னைக்கு விமானம் ஏறி வந்தார்கள். சென்னையில் டாக்டர் விஜய் போஸ் இதைச் செய்து வந்தார். அவாஸ்குலர் நெக்ரோசிஸ் நோயாளிகளுக்குச் செய்த ரீசர்ஃபேசிங் பற்றிக் குறைந்தது நான்காண்டுத் தொடர்கவனிப்புடன் அவரும் பரூவாவும் எழுதிய கட்டுரை 2010இல் பிரிட்டனின் எலும்பு மூட்டு இதழில் வெளியானது. ஆகவே இந்த அறுவை நமக்கு அந்நியமானதல்ல. தமிழ் மண்ணில் வேரூன்றி, உலகத்துக்குப் பாடம் சொன்ன அறுவை இது.

இதே காலத்தில்தான் டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். 2003இல் சந்தைக்கு வந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால் இரண்டும் ஒரே சாயல்: காளான் வடிவ மூடி, குட்டையான ஒரு தண்டு, தடித்த கிண்ணம். இரண்டும் கோபால்ட்-குரோமியம்-மாலிப்டினம் கலவைதான். ஆனால் ஏ.எஸ்.ஆர். கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. உரசும் பரப்பு விளிம்பை நெருங்கியே இருக்கும். கிண்ணத்தைக் கொஞ்சம் செங்குத்தாக வைத்துவிட்டால் பாரம் முழுவதும் விளிம்பில் ஏறும். அங்கே எண்ணெய்ப் படலம் போன்ற மூட்டு நீர்ப்படலம் அறுந்துவிடும், உலோகம் உலோகத்தைச் சுரண்டும், கோபால்ட் ரத்தத்தில் கலக்கும், மூட்டைச் சுற்றித் திசு அழுகிக் கட்டி உருவாகும். பிரிட்டன் மூட்டுப் பதிவேட்டில் ஏ.எஸ்.ஆர். ரீசர்ஃபேசிங் ஐந்தே ஆண்டில் 12 சதவீத ரிவிஷனைக் காட்டியது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது. பி.எச்.ஆரோ ஆக்ஸ்ஃபோர்டின் தனித்த ஆய்வில் ஆண்களிடம் பத்தாண்டில் 95 சதவீதம் நிலைத்திருந்தது. பெண்களிடம் 74 சதவீதம்தான். சிறிய தலை அளவுகளில் தோல்வி கூடியதால் 2015இல் ஸ்மித் அண்ட் நெஃப்யூ நிறுவனம் 46 மி.மீ.யும் அதற்குக் கீழும் உள்ள தலைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெண்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அறிவித்தது.

நோயாளியின் விதி மூன்று விவரங்களில் இருக்கிறது: எந்த மூட்டு, என்ன அளவு, கிண்ணம் எந்தக் கோணம். இந்த மூன்றும் எழுதப்படாத கோப்பு சிகிச்சைக்கு உதவாது.

இந்தியாவில் அந்தக் கோப்பு இல்லாததன் விலையை நாம் பார்த்துவிட்டோம். இங்கே சுமார் 4,700 பேருக்கு ஏ.எஸ்.ஆர். மூட்டுகள் பொருத்தப்பட்டன. 2017இல் அமைக்கப்பட்ட டாக்டர் அருண் குமார் அகர்வால் தலைமையிலான நிபுணர் குழு 2018இல் அறிக்கை தந்தபோது, அவர்களில் ஏறக்குறைய 3,600 பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இழப்பீட்டுக்குச் சூத்திரம் வகுக்கப்பட்டது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது, வாய்தா வாங்கி வழக்கு நடந்தது. எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு. மற்றவர்கள் எங்கே? அவர்களில் சிலர் இன்றும் ஏதோ ஒரு ஊரில் ‘முதுகு நோவு’ என்று மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கக் கூடும். அவர்களைக் கண்டுபிடிக்கும் கடைசி வாய்ப்பு, எக்ஸ்ரேயை விளக்கொளியில் பிடித்துப் பார்க்கும் மருத்துவர்தான்.

நம் எல்லைப் பகுதியில் இந்தக் கஷ்டம் இரட்டிப்பாகிறது. 1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டதால் மக்களின் நடை மாறவில்லை. இஞ்சிவிளைக்காரர் களியக்காவிளையில் மருந்து வாங்குவார். கொல்லங்கோட்டுக்காரர் காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போவார். பாறசாலையிலிருந்து ஒருவர் ஆசாரிபள்ளத்துக்கோ சென்னைக்கோ ரயில் ஏறுவார். சிலருக்கு வளைகுடாவிலேயே அறுவை முடிந்திருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், கேரளப் பக்கம் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி. ஒரு திட்டத்தின் கோப்பு மற்றதுக்குத் தெரியாது. தமிழில் எழுதிய சீட்டு மலையாளம் படிக்கும் பெண்ணின் கைக்கும், மலையாளச் சீட்டு தமிழ் படித்த மகனின் கைக்கும் போய்ச் சேருகிறது.

ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதைத் தாண்டிய ரப்பர் வெட்டுத் தொழிலாளி. கவட்டையில் நோவு, சரிவில் இறங்கும்போது ‘கடக் கடக்’ என்று சத்தம். பையிலிருந்து எடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி மடிப்பில் கிழிந்திருக்கிறது. அதில் ‘வலது இடுப்பு மூட்டு மாற்று, உலோகம்’ என்று மட்டும் இருக்கிறது. “இரும்பு வச்சிருக்கு டாக்டரே. எந்தக் கம்பெனின்னா எனக்கு எப்படித் தெரியும்?” என்கிறார். அவர் சொல்வது நியாயம். அறுவை நடந்த அன்று இம்ப்ளாண்ட் பெட்டிக்குள் கேட்டலாக் எண், லாட் எண், அளவு எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருந்தன. ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டிருக்கும், இன்னொன்று பில்லில். நோயாளிக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை. பிழை அந்தச் சில நிமிடங்களில் நடந்து முடிந்தது. இனி எந்த எம்.ஆர்.ஐ.யும் அதை முழுதாகச் சரிக்கட்டாது.

இனி நம் கடமைக்கு வருவோம். அறுவை செய்கிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நோயாளித் தேர்வில்தான் பாதி வெற்றி. நல்ல எலும்புள்ள, பெரிய தலை அளவு கொண்ட, உழைக்கும் ஆணுக்கு ரீசர்ஃபேசிங் பொருந்தும். சிறுநீரகம் பழுதானவருக்குக் கூடாது, கோபால்ட் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறும். தலையில் பெரிய சிஸ்ட் இருந்தாலோ, நெக்ரோசிஸ் தலையின் பெரும்பகுதியைத் தின்றிருந்தாலோ மூடிக்குப் பிடிமானம் இருக்காது. கிண்ணத்தின் சாய்வு 40 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். தலை மூடியைச் சற்று வால்கஸ் பக்கம் வைக்க வேண்டும். ரீமர் கழுத்தின் மேல்புறக் கார்டெக்ஸைத் தொட்டு ஒரு நாட்ச் விழுந்துவிட்டால் அங்கேயே அறுவைத் திட்டத்தை மாற்றத் தயங்கக் கூடாது. பின்புற அணுகுமுறையில் மீடியல் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனியின் கிளையையும் கழுத்தைச் சுற்றிய திசுவையும் காப்பது தலையின் உயிரையே காப்பது.

ஷிம்மினும் பேக்கும் 2005இல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு நாம் மனப்பாடம் செய்ய வேண்டியது. 3,497 பர்மிங்ஹாம் மூட்டுகளில் 50 கழுத்து முறிவுகள், சுமார் ஒன்றரை சதவீதம். பெண்களிடம் 1.91, ஆண்களிடம் 0.98. நாட்ச், வேரஸ் சாய்வு ஆகியவை முக்கியக் காரணங்கள். முறிவு வந்த சராசரிக் காலம் 15 வாரம். இந்த 15 வாரத்தை நம் ஊரில் வைத்து யோசிக்க வேண்டும். மூன்றரை மாதத்தில் நோவு போய்விடும், கைத்தடி மூலைக்குப் போய்விடும், ‘குணமாயிற்று’ என்று விடியற்காலையில் வெட்டுக்கத்தியோடு ரப்பர் தோட்டச் சரிவில் ஏறுவார். கழுத்து எலும்பு புதிய பாரத்துக்கு இன்னும் பழகாத நேரம் அதுதான். முதல் ஆறு வாரம் கைத்தடி, அதன்பின் மெதுவாக நடை, முதல் ஆண்டு ஓட்டமும் குதிப்பும் பளு தூக்கலும் வேண்டாம் என்பதைப் பிசியோதெரபி சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதாது. வீட்டில் இருப்பவரையும் அருகே உட்காரவைத்து, மூன்றரை மாதத்தை ஒட்டிய நாட்கள்தான் ஆபத்து என்று சொல்ல வேண்டும். சம்மணமிட்டு உட்காருவதற்கும் குத்துக்காலிடுவதற்கும் எப்போது அனுமதி என்றும் அப்போதே சொல்லிவிடலாம். பெரிய தலை எளிதில் விலகாது என்றாலும் கழுத்து கிண்ண விளிம்பில் முட்டும் வாய்ப்பு உண்டு, அவசரம் கூடாது.

அறுவை செய்யாத நமக்கு வேலை தொடர்கவனிப்பு. உலோகத்தோடு உலோகம் உரசும் எந்த மூட்டு உள்ளவரும், நோவு இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரேயோடு வர வேண்டும். ஐயம் இருந்தால் ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு பார்க்க வேண்டும். பிரிட்டனின் எம்.எச்.ஆர்.ஏ. 7 பி.பி.பி.யை எச்சரிக்கை வரம்பாக வைத்தது. அந்த வரம்புக்குக் கீழே இருந்தால் மட்டும் நிம்மதியடையலாகாது. நோவும் வீக்கமும் இருந்தால் உலோகச் சிதறலைக் குறைக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தே தீர வேண்டும். ரத்தம் எடுக்கும்போது ட்ரேஸ் எலிமென்ட் குழாயையே கேட்டு வாங்குங்கள். சாதாரண ஊசியும் குழாயும் உலோகத்தைச் சேர்த்துப் பொய்க்கணக்குக் காட்டும்.

மூட்டில் கோளாறு என்று தெரிந்தால் அதை நமக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவக் கருவிகளால் வரும் தீங்கைக் கண்காணிக்க 2015இல் தொடங்கிய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்தில் நம் அருகில் உள்ள திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனம் தேசிய ஒத்துழைப்பு மையமாகப் பொறுப்பேற்றது. இதய வால்வை இந்தியாவிலேயே உருவாக்கிய நிறுவனம் அது. அறிவிப்புப் படிவத்தை நிரப்பப் பெரிய ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. தாலுகா மருத்துவமனை மருத்துவர் அனுப்பும் ஒரு படிவம் அடுத்த ஏ.எஸ்.ஆரை ஓரிரு ஆண்டு முன்னதாகவே நிறுத்தக்கூடும்.

ஏனெனில் அடுத்த மூட்டு வந்துவிட்டது. லண்டனின் எச்1, மேட்ஆர்த்தோவின் ரீசெர்ஃப் ஆகிய செராமிக் ரீசர்ஃபேசிங் மூட்டுகள் 2017, 2018இலிருந்து பொருத்தப்பட்டு வருகின்றன. உலோக அயனி என்ற பயம் அவற்றில் இல்லை, பெண்களுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவற்றையும் இதே கவனத்தோடு வரவேற்போம். உலோகத்தைப் பற்றியும் 2003இல் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையைச் சோதிக்கத் தேவையான பதிவேடு மட்டும் நம்மிடம் இல்லை.

எனவே இந்த வட்டாரத்தின் எல்லா எலும்பு மருத்துவர்களிடமும், எல்லைக்கு இரு புறத்து மருத்துவமனை நிர்வாகங்களிடமும் கேட்பது இது: இடுப்பு மூட்டு அறுவை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு மூட்டு அட்டை கொடுங்கள். பெட்டி ஸ்டிக்கரை அதில் ஒட்டி, தலை அளவையும் கிண்ணக் கோணத்தையும் உங்கள் கையால் எழுதுங்கள். அறுவை அரங்கில் ஒரு பதிவேடும் வையுங்கள். பழைய உலோக மூட்டு நோயாளி வந்தால், அறுவை செய்த மருத்துவமனைக்கு நீங்களே எழுதி விவரம் கேளுங்கள். அட்டை நோயாளியின் கைக்குப் போகும்வரை டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்துப் போடாதீர்கள்.