வெட்கம் வேண்டும், வேதனையை மறைக்க வேண்டாம்



குடும்பத்தார் அனைவரும் படிக்கும் ஏட்டில் இப்பொருளை எழுதலாமா என்று தயங்கினேன். பேசாதிருந்ததால் நேர்ந்த இழப்பொன்றைக் கண்ணாரக் கண்டவன் என்பதால் எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸா விடுதியில் 14 வயது மாணவன் ஒருவன் ஸுப்ஹுத் தொழுகைக்கு எழவில்லை. அடிவயிறு வலிப்பதாகக் கூறினான், வாந்தியும் எடுத்தான். அஜீரணம் எனக் கருதி ஓமநீர் கொடுத்தோம். வலி உண்மையில் எங்கே என்பதை அஸருக்குப் பின்னரே அழுதுகொண்டு சொன்னான். "வலி எப்போது தொடங்கியது?" என்பதே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. நள்ளிரவில் என்றான். ஒரு விரையை அகற்ற வேண்டியதாயிற்று.

இதற்கு விரை முறுக்கம் என்று பெயர். விரையைத் தாங்கும் நாண் முறுக்கிக்கொள்ள, அதனுள் செல்லும் இரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன. எந்த வயதிலும் வரலாம். 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் மிகுதி. உறக்கத்திலும் தொடங்கும். 6 மணி நேரத்திற்குள் முறுக்கை அவிழ்த்தால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம். 24 மணி நேரம் கடந்துவிட்டால் அது அரிது.

முறுக்கு அவிழ்ந்த பின்னும் ஒரு தீங்கு காத்திருக்கிறது. மீண்டும் பாயும் இரத்தம் கொணரும் ஆக்ஸிஜனிலிருந்து வீரியமிக்க மூலக்கூறுகள் திடீரெனப் பெருகி, வாடிக் கிடந்த திசுவையே தாக்குகின்றன. விந்தணுவை உண்டாக்கும் செல்கள் இதனால் பெரிதும் நலிகின்றன. இவற்றை அடக்கும் பொருள்களே ஆன்டி ஆக்ஸிடன்ட்கள். வைட்டமின் இ, மெலடோனின், மஞ்சளிலுள்ள குர்குமின் முதலியவற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்ததில் சேதம் குறைந்ததாக ஆய்வுகள் பல கூறுகின்றன. எனினும் மனிதர்களுக்கு இது இன்னும் உறுதிப்பட்ட சிகிச்சையாகவில்லை.

ஆகவே, மாத்திரையோ தேனோ கருஞ்சீரகமோ கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அவை நல்ல பொருள்களே. ஆனால் முறுக்கிய நாணை எந்த உணவும் அவிழ்க்காது. அது அறுவை மருத்துவரின் பணி. மற்றொரு விரையும் முறுக்கிக்கொள்ளாதிருக்க அதனையும் அப்போதே தைத்து நிலைநிறுத்துவர்.

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதை நாம் அறிவோம். ஆயினும் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் அந்தரங்கமான ஒரு மார்க்க ஐயத்தை நபி (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்டுத் தெளிந்தார்கள். வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை. சிகிச்சைக்குத் தேவையான அளவு அவ்ரத்தை மருத்துவரிடம் காட்டுவதற்கும் மார்க்கத்தில் அனுமதி உண்டு.

பெற்றோர்களே! குளிப்பின் சட்டங்களைப் பருவமடையும் மகனுக்குக் கற்பிக்கிறோம். அத்துடன் இதனையும் சொல்லி வையுங்கள்: "மகனே, அவ்விடத்தில் திடீரென வலியோ வீக்கமோ கண்டால், நடுநிசியானாலும் வாப்பாவை எழுப்பு." பையன் அடிவயிற்று வலி என்றால் நீங்களே தனியே அழைத்துக் கேளுங்கள். விடுதிகளில் பிள்ளைகளைப் பராமரிக்கும் என் போன்ற உஸ்தாதுகளுக்கும் இது கடமையே.

அந்த மாணவன் அல்லாஹ்வின் கிருபையால் நலமாக இருக்கிறான். ஒரு விரை நலமாயிருந்தாலே பெரும்பாலோர் தந்தையாக முடியும் என்று மருத்துவரும் ஆறுதல் கூறினார். ஆயினும் அன்று காலையில் நான் அவனிடம் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். நம் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணும் அறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.