மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, நிறுத்திவிடலாமா?

"எனக்கு 58 வயது. 12 வருடமாகச் சர்க்கரை நோய். இரவானால் உள்ளங்கால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிகிறது. டாக்டர் தந்த ப்ரீகாபலின் மாத்திரையில் எரிச்சல் குறைந்தது. ஆனால், தலை சுற்றுகிறது. ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போடப் போகவே பயமாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?"
- வாசகர், மன்னார்குடி.

நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் தூக்கம் கெடும், வியர்க்கும், குமட்டும், வலியும் திரும்பும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தலைசுற்றல் பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்து உடம்பிலேயே தங்கும். அதனால் கிரியேட்டினின் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். தலைசுற்றல் தீரும்வரை மோட்டார் போட மகனையோ பக்கத்து வயல்காரரையோ அனுப்புங்கள். டிராக்டரும் ஓட்ட வேண்டாம். இந்த மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

இன்னொன்று. மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். அதிலும் கால் எரியும், மரத்துப்போகும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மாத்திரை எரிச்சலைத்தான் குறைக்கும்; மரத்த காலுக்கு உணர்ச்சியைத் திருப்பித் தராது. இதமாக இருக்குமென்று வெந்நீரில் கால் வைத்து, கொப்புளத்தோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வயலிலிருந்து வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். நெல் தாள் குத்தியதுகூட உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.