சிரிப்பும் சுருதிக்குள்தான்

எல்.ஆர்.ஈஸ்வரியின் பாட்டுகளை மேடைக் கச்சேரியில் எடுத்துக்கொள்கிறவர்கள், தொண்டையைத் திறந்து உரக்கப் பாடினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அபிநயத்தோடு பாடும் மெல்லிசைக் குரலை இப்போது முறையாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அந்த நினைப்பு அவருக்கு எவ்வளவு பெரிய அநியாயம் என்பது வகுப்புக்கு வகுப்பு உறைக்கிறது.

'பணமா பாசமா' (1968) படத்தில் கே.வி.மகாதேவன் இசையில் வந்த இலந்தைப்பழப் பாட்டு, தெருவில் கூவி விற்கிறவளின் குரல். அடுத்த ஆண்டு 'சிவந்த மண்'ணில் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் சாட்டை சுழலும் பாட்டு. 1972-ல் 'வெள்ளிவிழா'வில் வி.குமார் கொடுத்ததோ, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்கிற பாட்டு. ஒரு மாலையில் இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். மூன்று பெண்கள் பாடுகிறார்கள் என்று சத்தியம் செய்யலாம்.

இதற்கான பயிற்சி ஒரு ஸ்ட்ராவில் தொடங்குகிறது. டம்ளரில் பாதி தண்ணீர். ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரற்கடை முங்கியிருக்க, அதன் வழியே 'ஊ' என்று சுருதி பிடிக்க வேண்டும். குமிழிகள் சீராக வந்தால் மூச்சும் சீராகப் போகிறது; திடீரென்று பொங்கினால் எங்கோ அழுத்திவிட்டோம். வழி குறுகலாக இருப்பதால் வாய்க்குள் அழுத்தம் ஏறி, குரல்நாண்களுக்கு மேலிருந்து தாங்கல் கொடுக்கிறது. அவை பலமாக மோதிக்கொள்ளாமல் அதிர்கின்றன. இங்கோ டிட்ஸே என்ற குரல் ஆய்வாளர் இந்தப் பயிற்சியைப் பரவலாக்கினார். பெண்குரல் எளிதாகத் தொடும் ஒரு சுரத்திலேயே நாண்கள் விநாடிக்கு 440 தடவை மூடித் திறக்கின்றன. அங்கே போய் முரட்டுத்தனமாகக் கத்தலை ஏற்றினால் மறுநாள் பேச்சே வராது.

அடுத்தது சிரிப்பு. "அக்கா, சிரிங்க. ஆனா சத்தம் வரக்கூடாது" என்றார் டீச்சர். வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் சிரிக்கும்போது தொண்டை தானாக விரிவது தெரிந்தது. அந்த விரிவு கலையாமல் பஞ்சமத்தில் நின்று 'ஹ ஹ ஹ' என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு 'ஹ'வும் காற்றை வாரிக்கொண்டு போகும். சிரித்து முடித்த கையோடு அடுத்த வரி எடுப்பில் விழ வேண்டும். அதற்கு மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். "தொண்டையில வேண்டாம்க்கா, வயித்துல சிரிங்க." வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு 'ஹ'வுக்கும் ஒரு சின்ன உதறல். அது தாளத்தில் விழுந்துவிட்டால் சிரிப்பு சுருதியை விட்டு விலகாது. விம்மலுக்கு வேறு பாடம்: குரல்வளையைச் சற்றுக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும்.

மென்குரல்தான் எல்லாவற்றையும்விடக் கடினம். நாண்கள் முழுதாக மூடாமல் காற்றைக் கசியவிட்டால்தான் அந்த அந்தரங்கம் வரும். கசிந்தால் பாதி வரியிலேயே மூச்சு தீர்ந்துபோகும். எவ்வளவு கசியவிடலாம் என்பதில்தான் வித்தை இருக்கிறது. அந்தக் காலத்து ஒலிப்பதிவில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பதிவு செய்தார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஒருவர் தவறினாலும் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. கோரஸ் பாடகியாகத் தொடங்கிய ஈஸ்வரி, அந்த அறையில் நின்றுகொண்டு இத்தனை முகங்களைக் குரலில் காட்டியிருக்கிறார்.

இப்படிப்பட்டவரை, கர்நாடக சங்கீதம் படித்த காதுகள் இன்னமும் ஒரு படி கீழே உட்காரவைக்கின்றன. எனக்கு அது தாங்கவில்லை. கமகத்துக்கு ஆண்டுக்கணக்கில் சாதகம் பண்ணுகிறோம். எகத்தாளத்துக்கும் ஏக்கத்துக்கும் அதேபோல் சாதகம் இருக்கிறது. அதை இசைப்பள்ளிகள் பாடத்திட்டத்திலேயே வைக்க வேண்டும். அகார சாதகம் பண்ணியவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமான வித்தை இல்லை. மூச்சுப் பழக்கம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, உயிரெழுத்தின் நிறத்தை மாற்றத் துணிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆடி பிறந்தால் அம்மன் கோயில் கூம்பு ஒலிபெருக்கிகளில் ஈஸ்வரியின் இதே குரல் பக்தியாக வரும். அந்தக் கூம்பு கீழ்ஸ்தாயி அதிர்வுகளைச் சரியாகக் கொண்டுவராது. அதில் எடுபடுவது குரலின் கூர்மை. 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில், அது நிற்கிறது. ஈஸ்வரியிடம் அந்தக் கூர்மை தாராளம். தெருமுனை தாண்டியும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும். அதைப் பிடிக்க டீச்சர் கொடுத்திருக்கும் பயிற்சி, சிணுங்கும் குழந்தை மாதிரி 'ஞா ஞா' என்று பாடுவது. மூக்குத்தண்டில் ரீங்காரம் தெரிய வேண்டும். பிறகு மூக்கொலியை மட்டும் விட்டுவிட்டு, அந்தக் கூர்மையோடு 'ஆ'வுக்கு வர வேண்டும். நடு ஸ்தாயி சுரங்களில் வந்துவிட்டது. மேல் ஷட்ஜத்தில் இன்னும் நழுவுகிறது. இந்த வாரம் முழுக்க அதுதான் வேலை.